சாக்பீஸ் பிடித்தது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நான் எடுத்த நிரல் (புரோகிராம்) வகுப்பின் புகைப்படம் எத்தனை குழுக்களில் சுற்றியது என்று எனக்கும் தெரியும். "கம்ப்யூட்டர் வகுப்பில் கரும்பலகையா?" என்று சிரித்த பெருந்தகைகளே, பலகையில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவராவது பார்த்தீர்களா?

எக்ஸ் = 5. அடுத்த வரி, எக்ஸ் = எக்ஸ் + 1.

"ஐந்தும் ஆறும் எப்படி சார் சமமாகும்?" என்று ஒரு பையன் எழுந்தான். நியாயமான கேள்வி. இத்தனை வருடமாகக் கணக்கு வகுப்பில் '=' குறிக்கு அவனறிந்த பொருள் சமம் என்பதுதானே. எக்ஸ் என்பது ஒரு எண்ணை வைக்கும் பெட்டி, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் போடு என்பதுதான் இங்கே பொருள் என்றேன். பெட்டி வரைந்தான். 5ஐத் தன் கையாலேயே அழித்து 6 எழுதினான். "அப்படியானால் பழைய ஐந்து போயே போய்விட்டதா?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் சாக்பீஸ்.

எழுத வைப்பதற்கு முன் படிக்க வையுங்கள். வரிக்கு வரி எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தாளில் குறிக்கட்டும். நிரலை ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று சொல்லட்டும். அப்புறம் தட்டச்சு செய்யலாம்.

பழைய முறையாம்! குழந்தைகளுக்காக 1967இல் பிறந்த லோகோ என்ற நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஒரு ஆமை உண்டு. படம் சரியாக வராவிட்டால், நீயே ஆமையாகி நடந்து பார் என்று குழந்தைகளை நடக்கவிட்டவர், அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட். அவரையும் கேலி செய்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே என்பீர்கள். அது எழுதியதைப் படிக்க வேண்டியது யார்? நேரம் போதாது என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதைப் பிறகு பேசலாம்.

நான் சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் தறி வீட்டுப் பிள்ளை. தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். அப்பா அட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சேலையில் மாங்காய் எங்கே விழும் என்று நெய்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். எனக்குக் கல்லூரியில் யாரும் அப்படிக் கற்றுத்தரவில்லை. ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதச் சொன்னார்கள். நிரலில் எண்ணிக்கை ஏன் ஒன்றில் தொடங்காமல் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று தமிழில் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. ஆசிரியரும்தான். அதன் பிறகு மூன்று வருடம் நான் வாயே திறக்கவில்லை. ஞாயிறன்று அந்தப் பையன் எழுந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்று. படத்தை முதலில் பகிர்ந்தவர் என்னிடம் படித்தவர்தான். அவருடைய நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பெட்டிகள்.