எபிசோடுதான் முடியும், சண்டை முடியாது

நேற்று சிட்காம், அதாவது டிவி நகைச்சுவைத் தொடர், பற்றி ஒருவர் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். "சிட்காமில் சண்டையெல்லாம் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது" என்று எழுதி, என்னையும் டேக் செய்துவிட்டார். ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை.

தீராது. சிட்காமில் எபிசோடுதான் முடியும். அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுகிற 22 நிமிடத்துக்குள் அன்றைய பொழுதை ஒப்பேற்றி அனுப்புவார்கள். சண்டைக்கான காரணம் அப்படியே கிடக்கும்.

'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' என்ற அமெரிக்க சிட்காமில் 2003-ல் வந்த 'பேகேஜ்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்வந்த சூட்கேஸ் மாடிப்படியில் கிடக்கிறது. யார் எடுத்து வைப்பது? கணவன் ரேவும் மனைவி டெப்ராவும் வாரக்கணக்கில் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள். நாற்றம் தாங்காமல் அவளே எடுக்கட்டும் என்று உள்ளே சீஸை வைக்கிறான் ரே. அப்புறம் மாமியார் மேரி வந்து, தன் வீட்டுச் சுவரில் தொங்கும் பெரிய ஃபோர்க், ஸ்பூனால் தனக்கும் கணவர் ஃப்ராங்குக்கும் வந்த பழைய சண்டையைச் சொல்கிறாள். அது இன்னும் ஆறவில்லை. இதுவா 22 நிமிடத்தில் தீர்ந்தது?

எங்கள் வீட்டில் அது டேபிள் ஃபேன். ரிப்பேருக்குப் போய் ரிப்பேராகாமலே திரும்பி வந்ததை அப்பா கூடத்து மூலையில் வைத்தார். "வச்சவரே எடுக்கட்டும்" என்றாள் அம்மா. பேச்சு நின்றது. ஒன்பது வயதில் நான்தான் நடுவில் தூது.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடி."

"பசியில்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடிகூட இருக்காது. பல வருடம் கழித்து அந்த சூட்கேஸைப் பார்த்தபோதுதான், எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது என்று மூச்சு வந்தது.

'ஃபுல் ஹவுஸ்' இல்லையா என்பீர்கள். சரி, அதில் கடைசியில் மெல்லிசை, அறிவுரை, கட்டிப்பிடிப்பு எல்லாம் உண்டு. அதை வைத்தே எல்லாவற்றையும் எடைபோடுவதா? கட்டிப்பிடிக்கவும் கூடாது, பாடம் கற்கவும் கூடாது என்பதையே விதியாக வைத்திருந்தது 'சைன்ஃபெல்ட்'. 'ஃப்ரெண்ட்ஸ்'ஸில் 1997-ல் காதலர்களான ராஸும் ரேச்சலும் பிரிந்தபோது எழுந்த வாக்குவாதம் 2004-ன் கடைசி எபிசோடிலும் எட்டிப் பார்த்தது. ஏழு வருடம்!

"டிவி நாடகத்துக்கு இவ்வளவு கோபமா" என்று கேட்டவருக்கும் சொல்கிறேன். கோபம் டிவிக்காக இல்லை. எனக்குக் குடும்பம் தெரியாது என்று சொன்னீர்களே, அதற்கு.

அப்பா போய் நான்கு வருடம். ஃபேன் அதே மூலையில்தான் இருக்கிறது. போன மாதம் பழைய இரும்புக்காரர் வந்தபோது தூக்கிக் கொடுக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் வச்சது. இருக்கட்டும்."