ஹாலேயாகலா பாதை பண்ணைக்காரருக்குச் சொந்தமா?

ஹவாயின் மவுய் தீவில் ஹாலேயாகலா மலைக்கு ஏறும் பழைய பாதை பண்ணை நிலத்துக்குள் போவதால், அது பண்ணையின் சொத்து, அதைக் கேட்பவர்கள் அத்துமீறுகிறார்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே பாதையும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அங்கே சட்டம் வேறு.

ஹவாய் முடியாட்சியாக இருந்தபோதே, 1892-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் அன்றைக்கு இருந்த பொதுப் பாதைகளை அரசுடைமை என்று அறிவித்துவிட்டது. சுற்றியுள்ள நிலம் பிறகு எத்தனை கை மாறினாலும் பாதை கூடவே விற்பனையாகிவிடாது. இந்தப் பாதைக்காகவே உள்ளூர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. பாதை மாநில அரசுக்கே சொந்தம் என்று 2014-ல் ஜூரி தீர்ப்புச் சொன்னது.

அதற்காக, நினைத்தபோது வேலி தாண்டி ஏறலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்தம் யாருக்கு என்பது ஒன்று, எப்போது எப்படித் திறப்பது என்பது வேறு.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. ஹவாய் சட்டமன்றத்தின் இணையதளத்தில் 264-1 என்ற பிரிவைத் திறந்து, (பி) உட்பிரிவைப் படியுங்கள். 1892 சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கும். வேறொரு பாதை பற்றிச் சந்தேகம் என்றால், அது அந்த ஆண்டுக்கு முந்தைய அரசு நில அளவை வரைபடத்தில் கோடாக இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.