யாரும் பார்க்காத உடம்பு

போன சனிக்கிழமை, சிங்கப்பூரில் எங்கள் வட்டார நூலகத்தில் தமிழ் வாசிப்பு வட்டம். ஹெச். ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய, கண்ணுக்குத் தெரியாமல் போன மனிதனின் கதையைப் பேச எடுத்திருந்தோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அங்கிள், அவன் உடம்புதானே மறையுது? அப்போ சட்டை, சிலுவார் ஒண்ணும் இல்லாமலா ரோட்டுல போனான்?" அறை முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் தட்டினான். பெரியவர் ஒருவர், "அதை விடுங்க தம்பி, கதைக்கு வாங்க" என்றார். நேரமும் முடிந்துவிட்டது. அறையை அடுத்த குழுவுக்கு விட வேண்டும், எழுந்து வந்துவிட்டோம்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பையன் கதையின் உயிர்நாடியில் கை வைத்தான், நாங்கள் சிரித்துக் கடந்துவிட்டோம். அன்றைக்கு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்து போகிறவர்கள் கதைகளில் நிறைய உண்டு. பிளேட்டோ சொன்ன கதையில் ஓர் ஆட்டிடையன் மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் மறைந்துவிடுவான். நம் இந்திரசித்து மேகத்துக்குள் மறைந்து நின்று நாகபாசம் விடுவான். தேவர்களுக்காகத் தூது போன நளன், காவலர் கண்ணில் படாமல் தமயந்தியின் மாடத்துக்குள் நுழைவான். இவர்கள் யாருக்கும் துணி ஒரு பிரச்சினையே இல்லை. வரமோ மாயமோ, ஆளையும் ஆடையையும் ஒன்றாக மறைத்துவிடும். அந்த உலகத்தின் விதி அப்படி, அதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது.

வெல்ஸ் வரத்தின் பக்கம் போகவில்லை. அவருடைய கதாநாயகன் கிரிஃபின் ஒளியைப் பற்றிப் படித்தவன். ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது வளைகிறது. சுற்றியிருக்கும் பொருளும் அதே அளவுக்கு வளைத்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கண்ணுக்குத் தெரியாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். என் மகளின் அறிவியல் பெட்டியில் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. ஒரு குவளையில் சமையல் எண்ணெய் ஊற்றி அதை உள்ளே விட்டேன். எண்ணெய்க்குள் போன பாதி அப்படியே காணாமல் போயிற்று. மேலே நின்ற பாதி மட்டும் அந்தரத்தில் தொங்குவது போல இருந்தது. குழாய் அங்கேதான் இருக்கிறது, விரலால் தொட முடிகிறது, கண் மட்டும் இல்லை என்கிறது. 2024-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டார்ட்ரசின் என்கிற மஞ்சள் உணவுச் சாயத்தைச் சுண்டெலியின் தோலில் தடவி, உள்ளே இருக்கும் உறுப்புகள் தெரியும்படி செய்து காட்டினார்களே, அதற்கும் அடிப்படை இதே கணக்குதான்.

கிரிஃபின் தன் உடம்பையே அப்படி ஆக்கிக்கொள்கிறான். அவன் செய்த வேலை உடம்புக்குத்தான், கோட்டுக்கு இல்லை. அதனால் பார்வையிலிருந்து தப்ப வேண்டுமானால் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட வேண்டும். அதுவும் லண்டனில், ஜனவரி மாதத்தில்.

இங்கிருந்துதான் கதை எனக்குப் பிடித்துப்போகிறது. மறைந்தவனுக்கு என்ன என்ன ஆகும் என்று வெல்ஸ் ஒன்றொன்றாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். காலில் சேறு ஒட்டி, படிக்கட்டில் வெறுங்கால் தடம் பதிகிறது. தெருப்பையன்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துப் பின்தொடர்கிறார்கள். ஒரு நாய்க்குக் கண் தேவைப்படவில்லை, மோப்பம் போதும். பனி பெய்தால் தோளில் படியும், மழையில் நனைந்தால் உருவம் பளபளக்கும், ஊர்ப் புழுதி தோலில் ஒட்டும். சாப்பிட்டால் செரிக்கும் வரை சோறு வயிற்றில் தெரியும். காயம் பட்டால் ரத்தம் உறைய உறையத் தெரியும். இமையும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதால் கண்ணை மூடினாலும் வெளிச்சம். இதில் எதையும் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் குளிரில் நடுங்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நடக்கிறான், அவ்வளவுதான்.

"நம்ம ஊர்லன்னா அவனுக்குக் கவலையே இல்ல, குளிரே கிடையாதே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், அப்படித் தோன்றவில்லை. பகல் இரண்டு மணிக்குத் தேக்கா பக்கம் தார்ச்சாலையில் வெறுங்காலோடு பத்தடி நடந்து பாருங்கள். பிற்பகல் மழை சொல்லாமல் வந்து ஊற்றும், தண்ணீரில் ஆள் வடிவம் நிற்கும். காலை எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயிலுக்குள் ஏறினால் நாலு பக்கமும் ஆள் இடிக்கும். அந்தக் குளிர்சாதனக் குளிரில் சட்டை போட்ட எனக்கே பல் கிட்டும். கொசுவுக்குக் கண் வேண்டியதில்லை, நம் மூச்சையும் சூட்டையும் தேடி வந்துவிடும். 2013 ஜூன் 21-ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை ஏறியது நினைவிருக்கிறதா? அந்தப் புகைமூட்டத்தில் தோலெல்லாம் பிசுபிசுத்தது. மறைந்தவன் ஒருவன் அன்று வெளியே நடந்திருந்தால் சாயங்காலத்துக்குள் நிழல் மாதிரி தெரிய ஆரம்பித்திருப்பான்.

சட்டமும் இருக்கிறது. இங்கே பொது இடத்தில் ஆடையின்றித் தோன்றினால், வீட்டுக்குள்ளே இருந்தாலும் வெளியார் பார்வையில் படும்படி நின்றால், 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். தோன்றுவது, பார்வையில் படுவது, இந்தச் சொற்களில்தான் அந்தச் சட்டம் நிற்கிறது. ஆடை என்பது அடுத்தவர் கண்ணுக்காக என்று சட்டம் நினைக்கிறது. சட்டம் அப்படித்தான் நினைக்க முடியும். கிரிஃபினும் அப்படியே நினைத்தான் என்பதுதான் என் வருத்தம்.

ஏன் சொல்கிறேன் என்றால், கதையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அவன் முதன்முதலில் மறைய வைத்தது எதைத் தெரியுமா? ஒரு வெள்ளைக் கம்பளித் துணியை. துணியை மறைக்க அவனுக்குத் தெரியும்! அப்புறம் ஒரு பூனையை மறைத்தான், அதன் கண்ணுக்குள் மின்னுகிற படலம் மட்டும் மறையவில்லை. அதற்குப் பிறகு தன் உடம்பு. துணி, பூனை, உடம்பு என்று வரிசையாகப் போனவனுக்கு, அந்தத் துணியில் ஒரு கோட்டு தைத்துக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை. வாசகர்கள் சிலர் இதைக் கதையின் ஓட்டை என்பார்கள். எனக்கு அது அவன் மனசின் ஓட்டையாகப் படுகிறது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் உடுத்தத் தேவையில்லை என்று முடிவு செய்தவன் அவன். தனக்கென்று ஒரு சட்டை வேண்டும் என்பது லண்டன் குளிர் அடித்த பிறகுதான் அவனுக்குப் புரிகிறது. பிறகு பெரிய கடைக்குள் திருட்டுத்தனமாக இரவு தங்கி உடுத்திக்கொள்கிறான், விடிந்ததும் துரத்துகிறார்கள், திரும்ப எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறான். "ஆள் பாதி, ஆடை பாதி" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாதியைத் தொலைத்தவனுக்கு அடுத்த பாதியும் கையில் நிற்கவில்லை.

சினிமாவில் இந்த நிர்வாணத்தைப் பெரும்பாலும் கிளுகிளுப்புக்கு வைத்துவிட்டார்கள், மறைகிறவள் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எனக்கு அது பிடிக்காது. அதைப் பற்றி நீட்டவும் விருப்பமில்லை. வெல்ஸ் கதையை வைத்து 1933-இல் வந்த படம் மட்டும் வேறு ரகம். கிரிஃபினாக நடித்த கிளாட் ரெயின்ஸின் முகம் கடைசிக் காட்சியில், கிரிஃபின் இறந்த பிறகுதான் தெரியும். உடம்பில்லாத சட்டை நடப்பதைக் காட்ட, நடிகரைத் தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட்டில் மூடி, கறுப்பு வெல்வெட்டுத் திரைக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். ஆடையில்லாத ஆளைக் காட்ட, ஒரு அங்குலம் விடாமல் மூட வேண்டியிருந்தது. அதே படத்தில் ஒரு தவறும் உண்டு. கடைசியில் பனியில் பதிகிற தடங்கள் வெறுங்காலுடையவை அல்ல, காலணி போட்ட காலுடையவை. படம் எடுத்தவர்களே அவன் வெறுங்காலோடு ஓடுகிறான் என்பதை ஒரு நிமிடம் மறந்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை நான் முதலில் படித்தது தேசிய சேவை முடிந்த சமயத்தில். அப்போது எனக்கும் அது துரத்தல் கதைதான். இப்போது வேறு மாதிரி படிக்க வைத்தது என் அப்பா.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. 78 வயது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், வீட்டில்கூடக் கைலிக்கு மேல் பனியன் இல்லாமல் உட்கார மாட்டார். மருத்துவமனையில் முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற நீல அங்கியைக் கொடுத்தார்கள். நாடா நிற்காது, நடந்தால் பின்னால் திறந்துகொள்ளும். ஓர் இரவு மூன்று மணி இருக்கும், கழிவறைக்குக் கூட்டிப் போனேன். ஒரு கையால் சொட்டுமருந்துக் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய் அங்கியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தார். தள்ளாடினார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். நடைபாதையில் ஒரு ஈ காக்கை இல்லை, தாதிகூடக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, யாருமே இல்லப்பா. கையை எடுத்து கம்பியைப் புடிங்க."

அவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "நான் இருக்கேன்ல."

கையை எடுக்கவில்லை.

உடுக்கை இழந்தவன் கைபோல என்று வள்ளுவர் நட்புக்கு உவமை சொன்னது 788-ஆவது குறளில். பள்ளியில் அதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆடை நழுவும்போது கை யாரையும் கேட்காமல் போய்ப் பிடிக்கும், அந்த வேகத்தில் நண்பன் வர வேண்டும் என்பது பொருள். சுற்றி ஆள் இருக்கிறதா என்று அந்தக் கை பார்ப்பதாகக் குறளில் எங்கேயும் இல்லை. அதை அந்த நடைபாதையில்தான் கவனித்தேன்.

மறுநாள் காலை மருத்துவர்கள் நாலைந்து பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். திரையை இழுக்கவில்லை. போர்வையை விலக்கி, தையலைப் பார்த்து, கணினித் திரையைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எதிர்க்கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வேலை நெருக்கடி இருக்கும், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மூன்று நிமிடம் உடம்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அப்பா என்கிற மனிதர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நான் எழுந்துபோய்த் திரையை இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

வெல்ஸ் கதையின் முடிவு அதற்குப் பிறகுதான் எனக்கு வேறாகத் தெரிந்தது. கிரிஃபின் நல்லவன் அல்ல. திருடுகிறான், கொல்கிறான், ஊரையே அச்சுறுத்தப் பார்க்கிறான். கடைசியில் ஊரார் அடித்தே கொன்றுவிடுகிறார்கள். உயிர் போன பிறகு உடம்பு மெல்ல மெல்லத் தெரிய வருகிறது. சுமார் முப்பது வயது இளைஞன், நொறுங்கிய உடம்பு, மேலே ஒரு நூல் இல்லை. அத்தனை நேரம் அடித்த கூட்டத்திலிருந்து ஒரு குரல், முகத்தை மூடுங்கள் என்கிறது. பக்கத்து விடுதியிலிருந்து ஒரு விரிப்பைக் கொண்டுவந்து போர்த்துகிறார்கள். அவனுக்குக் கடைசியாக ஒரு துணியை, அவனைக் கொன்றவர்களே கொண்டுவருகிறார்கள்.

நம் நளன் கதையிலும் துணி வருகிறது. அதை அந்தப் பையனுக்குச் சொல்ல ஆசை. பொன்னிறப் பறவையைப் பிடிக்கப் போய், உடுத்தியிருந்ததையும் பறவையிடம் பறிகொடுத்து நிற்கிறான் நளன். தமயந்தியின் ஒற்றைச் சேலையை இருவரும் பகிர்ந்து உடுத்துகிறார்கள். பிறகு கார்க்கோடகன் கடித்து உருவமே மாறிப்போகிறது, ஊரில் யாருக்கும் அவனை அடையாளம் தெரியாது. அந்தப் பாம்பே அவனுக்கு ஆடையும் கொடுக்கிறது. எப்போது உடுத்துகிறாயோ அப்போது பழைய உருவம் வரும் என்கிறது. அத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து, தமயந்தியின் முன்னால் அதை உடுத்தித்தான் நளன் நளனாகிறான்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, கட்டம் போட்ட சட்டையும் கால்சட்டையும் எடுத்துப் போயிருந்தேன். பொத்தானைத் தானே போட்டார், நான் கை வைக்க விடவில்லை. பையில் சீப்பும் ஈஸி-லிங்க் பயண அட்டையும் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். மின்தூக்கிப் பக்கம் வந்தபோது, தினமும் காலையில் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவரான இளம் மருத்துவர் எங்களைக் கடந்து போனார். நாலடி தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். "அங்கிள்? நீங்களா?" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலையாட்டினார். இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு, மின்தூக்கி வருவதற்காக நின்றுகொண்டிருந்தார்.