ஜூலி சூ வெறும் பொம்மை அமைச்சரா?
பைடன் ஆட்சியில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பொறுப்பு அமைச்சராக இருந்த ஜூலி சூ, அமைச்சர் பதவிக்கு செனட் ஒப்புதல் கிடைக்காததால் பெயருக்குத்தான் இருந்தார் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2023 மார்ச்சில் அமைச்சராக இருந்த மார்ட்டி வால்ஷ் விலகியதும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது, 2025 ஜனவரி வரை இவர்தான். துணை அமைச்சராக 2021லேயே செனட் இவரை உறுதி செய்திருந்தது, அமைச்சர் நாற்காலி காலியானால் துணை அமைச்சரே பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் துறைக்கே தனிச் சட்டம் இருக்கிறது, அப்புறம் என்ன? 2023 ஜூனில் அமெரிக்க மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் ஒப்பந்தம் மாதக்கணக்கில் இழுபறியாகக் கிடந்தபோது சான் பிரான்சிஸ்கோவுக்கே போய் உட்கார்ந்து பேசி முடித்து வைத்தவர் இவர்தானே. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'கலிஃபோர்னியாவில் வேலையில்லாதோர் உதவித்தொகையில் நடந்த மோசடிக்கு யார் பொறுப்பு' என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், கொரோனா காலத்தில் அந்த உதவித்தொகையைக் கொடுத்த மாநிலத் துறை இவர் கீழேதான் இருந்தது, பல நூறு கோடி டாலர் போனது. ஆனால் இவரை முதலாளிகளுக்குப் பிடிக்காமல் போனதற்கு வேர் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. 1995ல் கலிஃபோர்னியாவின் எல் மான்டேயில் முள்கம்பி போட்ட குடியிருப்புக்குள் அடைத்து வைத்துத் துணி தைக்க வைத்த 72 தாய்லாந்துக்காரர்களுக்காக வழக்கறிஞராக வாதாடியபோது, அடைத்து வைத்தவர்களோடு விடாமல் அந்தத் துணியை வாங்கி விற்ற பெரிய கம்பெனிகளையும் கோர்ட்டுக்கு இழுத்தார். செனட்டில் அப்போது பைடன் கட்சியிலேயே இருந்த ஜோ மான்சினும் இவரை அமைச்சராக ஏற்காமல் கைவிட்டதற்கு மோசடி மட்டும்தான் காரணம் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.