ஆறு அங்குலக் குழாயும் ஒன்பது மொட்டைமாடியும்

மழை விட்ட மறுநாள் புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் டீக்கடையில் நின்றால் ஒரே பேச்சுதான். "ஜனம் பெருத்துப் போச்சு, பாதாள சாக்கடை தாங்கல."

ஜனம் பெருத்தது உண்மை. 2001இல் 9,74,345 பேர் இருந்த புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 2011இல் 12,47,953 பேர். பத்து வருடத்தில் 28 சதவீதம். அதே காலத்தில் தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.6 சதவீதம்தான். உழவர்கரை நகராட்சி அப்போதே புதுச்சேரி நகராட்சியைத் தலைக்கணக்கில் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் தலையை எண்ணவே இல்லை, அடுத்த கணக்கெடுப்பு 2027இல். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கி ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிற கூட்டம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. அவர்களும் குளிக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் "சாக்கடை தாங்கல" என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தெருவில் போடுகிற கழிவுநீர்க் குழாய் குறைந்தபட்சம் 150 மி.மீ., அதாவது ஆறு அங்குலம். நூறு அடிக்கு ஓரடி வாட்டம் (சரிவு) கொடுத்தால் நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடும். முழுக்க நிரம்பினால் நொடிக்குச் சுமார் 13 லிட்டர் போகும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் கழிவாக வரும் என்பது வடிவமைப்புக் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 432 லிட்டர். காலையில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கும் என்பதால் அதை மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் அந்த ஆறு அங்குலக் குழாய் எண்ணூறு வீட்டுக்கு மேல் தாங்கும். தனி வீடு மூன்று மாடியாகி, ஆறு போர்ஷன் வாடகைக்கு விட்டாலும் ஒரு தெருவுக்கு அது போதும்.

இப்போது மழையைப் போடுங்கள். 1,200 சதுர அடி மொட்டைமாடி. மணிக்கு 5 செ.மீ. மழை. அந்த ஒரு மணி நேரத்தில் மாடியில் விழுவது 5,500 லிட்டருக்கு மேல், நொடிக்கு ஒன்றரை லிட்டர். ஒன்பது வீட்டு மாடித் தண்ணீரைச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவுநீர் சேர்ந்து தெருக் குழாய்க்குப் போகிற மூடி போட்ட தொட்டியில், விட்டால் அந்தக் குழாய் நிரம்பிவிடும். எண்ணூறு வீட்டைத் தாங்குகிற குழாய்க்கு ஒன்பது மொட்டைமாடி போதும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாடித் தண்ணீர் சேம்பருக்கு ஏன் போகிறது? மனை விலை ஏற ஏற, வாடகைக்கு ஆள் வர வர, எல்லைச் சுவர் வரைக்கும் கட்டியாகிவிட்டது. முன்பு பின்கட்டில் தென்னையும் கிணற்றடியும் குடித்த தண்ணீருக்கு இப்போது இடமில்லை. ரோட்டிலோ தார் மேல் தார் போட்டு, வாசல்படி பள்ளமாகிவிட்டது. மழைநீர் வாய்க்கால் வீட்டைவிட உயரத்தில் நிற்கிறது. கொத்தனாருக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது சேம்பர் ஒன்றுதான். இறக்கிவிடுகிறார். ஜனப்பெருக்கம் குழாயை அடைக்கிற வழி இதுதான், நாம் நினைக்கிற வழியில் அல்ல.

உங்கள் வீட்டில் எப்படி என்று தெரியாவிட்டால், மாடியில் ஒரு வாளி மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. மஞ்சள் வந்தால் அந்தக் குழாயைத் துண்டித்து வாய்க்காலுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்ப வேண்டும். பிளம்பருக்கு அரை நாள் வேலை. தெருவில் தேங்கிய தண்ணீரை வடிக்கக் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்புகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அன்றைக்குத் தண்ணீர் இறங்கும், கூடவே மணலும் பால் கவரும் இறங்கி அடுத்த மாதம் உங்கள் கக்கூஸிலேயே திரும்ப வரும்.

அதற்காக ஊர் விரிவதால் சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. பாண்டி தட்டையான ஊர். எட்டு அங்குலக் குழாய்க்கு 145 அடிக்கு ஓரடி வாட்டம் என்றால், ஒரு கிலோமீட்டருக்குள் குழாய் ஏழு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். கடலோர மணலில், நிலத்தடி நீருக்குக் கீழே அவ்வளவு தோண்ட முடியாது. அதனால் இடையிடையே பம்பிங் ஸ்டேஷன். குழாயின் வால் முனையில் ஒவ்வொரு நகராகச் சேர்க்கச் சேர்க்கக் கழிவு பயணிக்கிற நேரம் கூடுகிறது. புது நகரில் பத்து வீடு மட்டும் இணைந்திருக்கும்போது ஓட்டம் மெதுவாகி மலம் குழாயிலேயே படிகிறது. காற்றில்லாத அந்தச் சேறு அழுகினால் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம் வெயிலுக்கு அது சீக்கிரமே ஊறும்.

2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிப்பறைக்குள் வந்த விஷவாயுவில் மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பெண். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டிப் பரவும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு ஏறினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாறிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டால் நிம்மதியாகாமல் வெளியே ஓடுங்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் போகக் கூடாது. மேன்ஹோலிலும் இதே கதைதான்.

வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே காவல் என்று இருப்பது டிராப்பில், அதாவது குழாயின் வளைவில், நிற்கிற 50 மி.மீ. தண்ணீர் மட்டும். இரண்டு அங்குல உயரம். கழிப்பறைக் கோப்பையோடு அந்த வளைவு உண்டு. குளியலறைத் தரையில் நானி டிராப் (தரை வடிகாலுக்கான சின்ன டிராப்) வைக்காமல் வெறும் ஜாலியால் மூடிவிட்டுப் போகிற வேலைதான் ஆபத்து. வென்ட் குழாய் (காற்றுப்போக்கி) இல்லையென்றால் மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ்மாடி டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும். "களக்" என்று சத்தம் வந்தால் அதுதான். வென்ட்டை மொட்டைமாடிக்கு மேலே தலைக்கு உயரமாகக் கொண்டுபோய் வலை கட்டுங்கள். பாதாள சாக்கடை இணைப்பு வாங்கிய பிறகும் பழைய செப்டிக் டேங்க்கை நடுவில் அப்படியே விட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே வாயு காய்ச்சுகிறீர்கள். அதை உறிஞ்சி எடுத்து, மணல் நிரப்பி மூடிவிட்டு, குழாயை நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மாடி கட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம் வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் எங்கே என்று கேட்கிறார்கள். சரி, கேட்கட்டும். மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது, வென்ட் எங்கே, பழைய டேங்க் மூடியாச்சா என்ற மூன்றையும் நேரில் போய்ப் பார்க்காமல் கட்டட நிறைவுச் சான்று கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. கோடிக்கணக்கில் புதுக் குழாய் புதைத்துவிட்டு அதில் மழையை விட்டால் அதுவும் ஒன்பது மொட்டைமாடிக்குத்தான் தாங்கும்.

பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு நானி டிராப்பிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது.