டிஃபரன்ஷல் எண் பெரிதென்றால் கார் வேகமா? நேர்மாறு!

"ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டின் 4.22 டிஃபரன்ஷலைக் கழற்றி மொறிஸ் மைனரின் 4.55-ஐப் போடு, ஓட்டம் கூடும்" என்று யாழ்ப்பாணத்துப் பழைய கார்ப் பிரியர்களிடையே ஒரு கதை சுற்றுகிறது. பொருந்தும் என்பது சரி. மற்றது பிழை.

டிஃபரன்ஷல் என்பது எஞ்சின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி. அதன் எண், சில்லுகள் ஒருமுறை சுற்ற, கியர்பெட்டியிலிருந்து அதற்கு வரும் தண்டான புரொப்பலர் சாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான். 4.22 என்றால் உள்ளே பெரிய பற்சில்லின் 38 பல்லுக்குச் சிறியதில் 9, 4.55 என்றால் 41-க்கு 9. எண் கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 8 வீதம் அதிகம் சுற்றவேண்டும். கண்டி ஏற்றத்துக்கு அது உதவும். மேடே இல்லாத நம் ஊரில் என்ன தேவை? ஸ்பிரைட்டின் இரட்டைக் காரான எம்ஜி மிட்ஜெட்டின் பிந்திய வகைகளில் வந்த 3.9 தான் (43-க்கு 11) என் தெரிவு. 4.22-இல் 3000 சுற்று ஓடும் எஞ்சின் இதில் 2780 அளவில் அமைதியாக ஓடும். ஆனால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், கவனம்.

வாங்குமுன் எண்ணிப் பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்குங்கள். சாஃப்டில் வெண்கட்டியால் கோடு போட்டு, சில்லை இரண்டு சுற்று (ஒன்று அல்ல! மற்றப் பின்சில்லு நிற்பதால் சாஃப்ட் பாதிதான் சுற்றும்) சுற்றுங்கள். கோடு நாலேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 4.22.