எம்ஜியுஎஸ் என்றால் ரத்தப் புற்றுநோய் அல்ல

"எம்ஜியுஎஸ் என்பது ரத்தப் புற்றுநோயின் முதல் கட்டம், உடனே கீமோ ஆரம்பிக்கணும்" என்று இங்கே ஒரு அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். எம்ஜியுஎஸ் பற்றிக் கேள்வி கேட்ட மன்னார்குடி தம்பி இதைப் படித்து அரண்டுபோகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எம்ஜியுஎஸ் (MGUS) புற்றுநோய் இல்லை. ரத்தத்தில் ஒரு வகைப் புரதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, எலும்பு மஜ்ஜையில் அதை உண்டாக்கும் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழே, எலும்பு, சிறுநீரகம், ஹீமோகுளோபின், கால்சியத்தில் இதனால் வந்த பாதிப்பு எதுவும் இல்லை என்றால்தான் இந்தப் பெயரே வைப்பார்கள். 50 வயது தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. நூறு பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒருவருக்குத்தான் மைலோமா (பிளாஸ்மா செல்களில் வரும் ரத்தப் புற்றுநோய்) போன்ற நோயாக மாறும். 20 ஆண்டு கழித்தும் பெரும்பாலானவர்களுக்கு மாறுவதில்லை. அதனால் கீமோ கிடையாது, கண்காணிப்புதான்: முதலில் ஆறு மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று.

என் அம்மாவுக்கு இது தெரியவந்தது குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். முதல் மாதம் வீட்டில் சரியாக யாரும் சாப்பிடவில்லை. பப்பாளி இலைச் சாறு கொடு என்று ஆளாளுக்கு யோசனை வேறு! ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வைத்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி வந்தது. டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்.

விடாத முதுகு, எலும்பு வலி, காரணமில்லாத சோர்வு, அடிக்கடி காய்ச்சல், நுரைத்த சிறுநீர் இருந்தால் மட்டும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள், தம்பி.